மதகிலிருந்து புளியமரம் வரை

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பனமலை ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்தபோது என் வாட்ச் அணைந்துபோனது. நாலரை கிலோமீட்டர் காட்டிக்கொண்டிருந்தது. ஒருமுறை அதிர்ந்தது, திரை வெறுமையானது, அவ்வளவுதான். முதல் நாள் இரவு சார்ஜ் போட மறந்திருந்தேன்.

நான் நின்றுவிட்டேன். கால் வலிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, வெயிலும் ஏறவில்லை. ஏரி நிறைந்திருந்தது. குன்றின் மேல் தாளகிரீசுவரர் கோயில் விமானத்தில் முதல் வெளிச்சம் விழுந்திருந்தது. ஓடுவதற்கு இதைவிட நல்ல காலை கிடைக்காது. இருந்தும் நின்றுவிட்டேன். இனிமேல் ஓடுவது கணக்கில் வராது என்று மனதில் பட்டது. யாருடைய கணக்கில் என்ற கேள்வி அப்போது எழவில்லை. வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே போனில் புது மாடல்களின் விலையைத் தேட ஆரம்பித்த பிறகுதான் எழுந்தது.

எனக்கு 52 வயது. வாரம் முழுக்க விழுப்புரத்தில் ஆபீஸ், சனி ஞாயிறு ஊரில் அம்மாவோடு. சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன வருஷம் ஓட ஆரம்பித்தேன். 2016ல் இந்த வாட்சை வாங்கினேன். வாங்கிய புதிதில் ஜிபிஎஸ் போட்டு ஓடினால் 11 மணி நேரம் தாங்கும். இன்று இரண்டரை மணி நேரம். பட்டை இரண்டு முறை மாற்றியாயிற்று. கண்ணாடியில் ஒரு கீறல். ஆனால் வானத்தைப் பார்த்து நின்றால் அரை நிமிடத்தில் செயற்கைக்கோள்களைப் பிடித்துவிடும். நான் ஒரே மூச்சில் ஓடும் அதிகபட்ச நேரம் ஒரு மணி இருபது நிமிடம். அதாவது, ஒழுங்காக சார்ஜ் போட்டால் எனக்குத் தேவையான எல்லாவற்றையும் அது இன்னும் செய்கிறது. இந்த ஒரு வாக்கியத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இரண்டு மாதம் இழுத்தது. ஏன் இழுத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், புது வாட்சுக்காக எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள். நான் அவற்றைக் கேலிக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

முதல் காரணம் துல்லியம். நம் தலைக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால்தான் வாட்சுக்குத் தன் இடம் தெரியும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர்வரை தள்ளிக் காட்டலாம். கிளின்டன் அரசு அதை நிறுத்திய பிறகுதான் ஓடுகிறவர்களின் கையில் ஜிபிஎஸ் கட்டுவதற்கு அர்த்தம் வந்தது. 2003ல் கார்மின் நிறுவனம் தன் முதல் ஃபோர்ரன்னர் வாட்சுகளைக் கொண்டுவந்தது. இப்போது வரும் விலை கூடிய வாட்சுகள் எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசைகளைப் பிடிக்கின்றன. கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையால் வரும் பிழையை இது வெகுவாகக் குறைக்கும். உண்மைதான். ஆனால் பனமலை ஏரிக்கரையில் கட்டடம் ஏது? பனைமரமும் திறந்த வானமும்தான். மும்பையில் அடுக்குமாடிகளுக்கு நடுவே ஓடுகிறவருக்கான மருந்தை நான் வாங்கிக் குடிக்கப் பார்த்தேன்.

இரண்டாவது காரணம் இதயம். மணிக்கட்டில் பச்சை வெளிச்சத்தை அடித்து, ரத்த ஓட்டம் ஏறி இறங்குவதை வைத்து நாடித்துடிப்பைக் கணக்கிடும் முறை என் பழைய வாட்சிலும் உண்டு. திடீரென்று வேகம் எடுத்தால் அது பின்தங்கும். புதியவற்றில் தேவலாம். ஆனால் அதற்கும் மாற்று இருக்கிறது. நெஞ்சில் கட்டும் பட்டை இதயத்தின் மின் துடிப்பையே நேரடியாகப் பிடிக்கிறது. புது வாட்சின் விலையில் ஒரு பங்குதான் ஆகும், பழைய வாட்சோடும் பேசும். டாக்டரிடம் கேட்டேன். அவர் வாட்சைப் பார்க்கவே இல்லை. "ஓடும்போது பக்கத்துல வர்றவங்ககிட்ட பேச முடியுதா?" என்றார். முடியுது என்றேன். "அப்போ சரியான வேகம்தான்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மூன்றாவது காரணத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான். விடியற்காலையில் ஏரிக்கரைக்கு அவனோடு ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். இரண்டு பெண்பிள்ளைகளும் உண்டு. எழுத்துத் தேர்வைத் தாண்டினால் ஆண்களுக்கு 1500 மீட்டர் ஓட்டம், 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. இதைத் தாண்டினால்தான் கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் எல்லாம். இவன் முந்தைய முறை ஓட்டத்தில் 6 விநாடி பிந்திப்போனான். அந்த 6 விநாடியைப் பற்றி அவன் அம்மா இன்னும் என் அம்மாவிடம் சொல்லி அழுகிறார்.

ஆக, நான் புது வாட்ச் வாங்கினால் பழையதை அவனுக்குக் கொடுத்துவிடலாம். எனக்கும் ஆயிற்று, அவனுக்கும் ஆயிற்று. இந்த எண்ணம் வந்ததும் மனதில் ஒரு வெளிச்சம் பரவியது. வாங்குவது ஆசையாக இருந்தது போய், வாங்குவது கடமைபோல ஆகிவிட்டது. வீட்டில் மனைவியிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்: "அவனுக்கு வாட்ச் வேணும்னா அவனுக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்களேன். அதுக்கு எதுக்கு உங்களுக்குப் புதுசு?"

எனக்குப் பதில் இல்லை. நான் நெடுநேரம் யோசித்துப் பார்த்தது இந்த இடத்தைத்தான். பழையதைக் கொடுப்பது தானமா? கொடுக்கப்படும் பொருள் எனக்கு வேண்டாத நொடியில்தான் அது அவனுக்கு உரியதாகிறது. அவன் தேவையின் அளவு என்ன என்று நான் கேட்கவே இல்லை, என் மிச்சத்தின் அளவுதான் அவன் தேவை என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கும் மேலே, அவன் வறுமையை என் செலவுக்கு ரசீதாகப் பயன்படுத்தப் பார்த்தேன். பழைய சட்டையைக் கொடுத்துவிட்டுப் புதுச்சட்டை எடுக்கும் வீடுகள் நம்மில் எத்தனை. கொடுப்பது தப்பில்லை. கொடுப்பதற்காக வாங்குகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்தான் பொய் இருக்கிறது.

அடுத்த வாரம் ஏரிக்கரையில் அவனிடமே கேட்டுவிட்டேன்.

"ஏன்டா, இந்த வாட்ச் உனக்கு ஆகுமா?"

"எதுக்கு பெரிப்பா?"

"தூரம் காட்டும்டா. 1500 மீட்டர் கரெக்டா தெரியும்."

அவன் சிரித்தான். மரியாதையான சிரிப்பு. "தூரம் எங்களுக்குத் தெரியும் பெரிப்பா. அளந்து வெச்சிருக்கோம்."

மதகிலிருந்து கிழக்கே போனால் கரை முடியும் இடத்தில் ஒரு புளியமரம். மதகுக்கும் மரத்துக்கும் 750 மீட்டர். போய்த் திரும்பினால் 1500. எப்படி அளந்தாய் என்று கேட்டேன். அவன் தாத்தாவின் பழைய சைக்கிள். முன் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, டயரின் சுற்றளவை டெய்லர் டேப்பால் அளந்தால் 2 மீட்டர் 20 சென்டிமீட்டர். ஒருவன் உருட்ட, இரண்டு பேர் தனித்தனியாகத் துணி கீழே வருவதை எண்ணிக்கொண்டே போயிருக்கிறார்கள். 341 சுற்று. இரண்டு பேர் எண்ணிக்கையும் ஒத்துப்போகும்வரை மூன்று முறை உருட்டினார்களாம். அந்த இடத்தில் மரத்தின் வேரில் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இத்தனை நாள் அந்தச் சுண்ணாம்பை நான் பார்த்துக்கொண்டேதான் ஓடியிருக்கிறேன். யாரோ எதற்கோ அடித்தது என்று நினைத்திருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் பழைய பதிவுகளைப் புரட்டினேன். மதகிலிருந்து மரம்வரை என் வாட்ச் ஒரு நாள் 736 என்கிறது, ஒரு நாள் 761 என்கிறது. பெரிய பிழை இல்லை, இரண்டு சதவீதத்துக்குள். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவனுக்கு? 1500 மீட்டரில் இரண்டு சதவீதம் 30 மீட்டர். 7 நிமிடத்தில் முடிக்கும் வேகத்தில் 30 மீட்டர் ஓட 8 விநாடிக்கு மேல் ஆகும். அவன் தோற்றது 6 விநாடியில். நான் பெருந்தன்மையோடு கொடுக்க நினைத்த பொருளின் பிழை, அவன் வாழ்க்கையை மாற்றிய இடைவெளியைவிடப் பெரியது. சைக்கிளில் சுற்றுக்கு அரை சென்டிமீட்டர் பிசகினாலும் 750 மீட்டரில் இரண்டு மீட்டர்கூட வராது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உலகின் பெரிய மாரத்தான் பந்தயங்களின் பாதையை இன்றுவரை ஜிபிஎஸ் வைத்து அளந்து சான்றளிப்பதில்லை. சைக்கிள்தான். முன் சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்ட்டர் என்ற சின்ன எண்ணியைப் பொருத்தி, முதலில் எஃகு நாடாவால் அளந்த தூரத்தில் ஓட்டிச் சரிபார்த்து, பிறகு பாதையை அளக்கிறார்கள். தவறியும் பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்க்கிறார்கள். 42.195 கிலோமீட்டருக்கு 42 மீட்டர். பனமலைப் பையன்கள் இதையெல்லாம் படிக்கவில்லை. சரியாக அளக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருந்தது. அவசியம் இருந்தவன் சரியான கருவியைக் கண்டுபிடித்துக்கொண்டான். அவசியம் இல்லாத நான் விலை கூடிய கருவியைத் தேடினேன்.

இங்கேதான் என் கேள்வி மாறியது. எந்த வாட்ச் என்பதை விட்டுவிட்டு, எதற்காக அளக்கிறேன் என்று கேட்க ஆரம்பித்தேன்.

ஒரு நாளைக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த எண் முதலில் மருத்துவத்திலிருந்து வரவில்லை. 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்பதுதான். விற்பவர் வைத்த பெயர், வாங்கியவரின் மனசாட்சியாகிவிட்டது. சி. தி நுயென் என்ற தத்துவவாதி இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார், விழுமியம் பிடிபட்டுப்போதல் என்று சொல்லலாம். உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்ற பெரிய, தெளிவில்லாத, நமக்கே உரிய ஓர் ஆசையோடு தொடங்குகிறோம். கருவி அதற்கு ஒரு தெளிவான எண்ணைத் தருகிறது. கொஞ்ச நாளில் ஆசை போய்விடுகிறது, எண் மட்டும் இருக்கிறது. அந்த எண்ணை யார் எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்று நாம் கேட்பதில்லை. அன்று ஏரிக்கரையில் நல்ல காலையில் நான் நின்றது இதனால்தான். ஓட்டம் என்னுடையது, கணக்கு வேறு யாருடையதோ.

பனமலைக் கோயிலுக்கு வந்தவர்கள் அந்தப் பார்வதி ஓவியத்தைப் பார்த்திருப்பார்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயில். வடபுறச் சிற்றாலயச் சுவரில், குடையின் கீழே ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று, தலையைச் சற்றே சாய்த்து அவள் சிவனின் நடனத்தைப் பார்க்கிறாள். நடனமாடும் சிவன் பெரும்பாலும் அழிந்துவிட்டான், சில கோடுகள்தான் மிச்சம். பார்ப்பவள் மட்டும் அழகாக இருக்கிறாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிற ஓவியம். ஆனால் இந்த இரண்டு மாதத்தில் ஒருமுறை படியேறிப் போனபோது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. என் போனில் ஒன்பது வருஷத்து ஓட்டங்களின் பதிவு இருக்கிறது. ஒவ்வொன்றின் தூரமும் வேகமும் நாடித்துடிப்பும். அவற்றில் எத்தனை காலைகள் எனக்கு நினைவிருக்கின்றன? ஆட்டம் அழிந்து, பார்ப்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவளிடம் அது அழகு. என்னிடம் அப்படி இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு வாதத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் பலர். 2025-26ல் தமிழ்நாட்டில் அதற்கான நாள்கூலி 336 ரூபாய். 100 நாளும் வேலை கிடைத்தால் 33,600. நான் பார்த்துவைத்த வாட்ச் கிட்டத்தட்ட அதே விலை. ஒரு குடும்பத்தின் ஒரு வருஷத்து நூறு நாளை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அவர்கள் முன்னால் ஓடுவதா என்று ஒரு நாள் நினைத்தேன். அந்த நினைப்பு என்னை நல்லவனாகக் காட்டியது. அதனாலேயே அதைச் சந்தேகப்பட்டேன். நான் வாங்காமல் இருந்தால் அந்தப் பணம் அவர்களுக்குப் போகப்போவதில்லை, என் வங்கிக் கணக்கில் கிடக்கும். இந்தக் கணக்கின்படி என் ஸ்கூட்டரும் குற்றம், மகள் படிக்கும் படிப்பும் குற்றம். எல்லாமே குற்றம் என்றால் எதுவுமே குற்றமில்லை என்று கடைசியில் மனம் சொல்லிக்கொள்ளும். ஒப்பிட்டு வருத்தப்படுவது முடிவெடுப்பதற்கு உதவாது. வருத்தப்பட்டுவிட்டே வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். நானே பலமுறை அப்படி வாங்கியிருக்கிறேன்.

உதவியது வேறொன்று. என்னோடு ஆபீசில் வேலை பார்க்கும் நண்பர் நயினார், திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணர். மேல்சித்தாமூர் மடத்துக்குப் போய்வருகிறவர். அவரிடம் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் சொன்னேன். உங்க மதத்துல பொருளே வெச்சிக்கக் கூடாதே என்றேன்.

"அது துறவிக்குங்க," என்றார். "நம்மள மாதிரி வீட்டுல இருக்கறவனுக்கு வேற. இவ்ளோதான் எனக்குன்னு மொதல்லயே ஓர் அளவு சொல்லிக்கணும். எவ்ளோன்னு யாரும் வந்து சொல்ல மாட்டாங்க, நீங்கதான் சொல்லிக்கணும். ஆனா மொதல்லயே சொல்லணும். கடைக்குள்ள போயி நின்னுக்கிட்டு சொல்லக் கூடாது."

பரிக்கிரக பரிமாணம் என்று அந்த விரதத்துக்குப் பெயர். உடைமைக்கு அளவு வைத்தல். நான் படித்த எந்தத் தத்துவத்தையும்விட இந்த "மொதல்லயே" என்ற சொல் எனக்குப் பிடித்தது. போதும் என்பதை ஓர் உணர்ச்சியாகவே நான் நினைத்து வந்திருக்கிறேன். திருப்தி வந்தால் போதும் என்போம், வராவிட்டால் வாங்குவோம். அவர் சொல்வதில் போதும் என்பது ஒரு முடிவு. உணர்ச்சி வருவதற்கு முன்பே எடுத்துவைக்கிற முடிவு. அளவு பெரிதாக இருக்கலாம், சின்னதாக இருக்கலாம், ஆனால் அளவை விற்பவன் கையில் கொடுத்துவிடக் கூடாது.

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் 24 தீர்த்தங்கரர்களையும் செதுக்கியிருப்பார்கள். அங்கே சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டு உண்டு. ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக அந்த எண் பாறையில் இருக்கிறது. எண்ணுவதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். பக்கத்தில் இருந்தவர்கள் அன்பினாலும் மரியாதையினாலும் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் அவர் 57ஐ எட்டுவதற்காக நோன்பிருக்கவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். வாட்ச் செயற்கைக்கோளைப் பிடிக்காமல் போனாலோ, முழு சார்ஜில் ஒன்றரை மணி நேரம் தாங்காமல் போனாலோ, அப்போது புதியது வாங்குவது. அதுவரை விலை பார்ப்பதில்லை. வாங்கும்போது யாருக்காகவும் வாங்குவதாகச் சொல்லிக்கொள்வதில்லை, எனக்காக வாங்குகிறேன் என்றே சொல்வது. தேதி போட்டு மனைவியிடம் காட்டினேன். "பால்காரருக்கு 40 ரூவா பாக்கி இருக்கு, அதையும் எழுதிவைங்க" என்றாள்.

விலை பார்ப்பதில்லை என்ற சத்தியத்தை இதுவரை இரண்டு முறை மீறியிருக்கிறேன். இரண்டும் இரவு பதினொரு மணிக்கு மேல். வாங்கவில்லை.

பையனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். "வாட்ச் வேணாம்னா வேற என்னடா வேணும்?"

அவன் தயங்கினான். "வேற ஒண்ணும் இல்ல பெரிப்பா. எல்லாரும் ஓடறோம்ல, டைம் பாக்க ஆள் இல்ல. போனைக் கரையில வெச்சிட்டு ஓடிவந்து பாத்தா, முடிக்கிற எடத்துல ரெண்டு மூணு செகண்டு தப்பிப் போகுது. நடுவுல எவ்ளோ ஆச்சின்னும் தெரியல. ஞாயித்துக்கெழம நீங்க இருந்தா, நின்னு சத்தமா சொல்றீங்களா?"

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அரை மணி நேரம் ஓடுவதில்லை. மதகின் மேல் நிற்கிறேன். ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டேன், அதற்கு வேலையில்லை. வெறும் ஸ்டாப்வாட்ச். அப்படி வைத்தால் பேட்டரி நாள் கணக்கில் தாங்குகிறது. அவர்கள் புளியமரத்தில் திரும்பும்போது ஒரு துண்டை ஆட்டுவார்கள், நான் நேரத்தைக் கத்துவேன். ஏரியின் மேல் சத்தம் நன்றாகவே போகும். போன ஞாயிறு அவன் 6 நிமிடம் 41 விநாடியில் வந்து மதகைத் தொட்டான். தொட்டதும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, முதலில் என் முகத்தைத்தான் பார்த்தான். வாட்சைப் பார்க்கவில்லை.